பாலையிலே எழுந்த பெருநகர்: அரிசோனாவின் தலைநகர் பீனிக்ஸ்

கிரேக்கரின் பழங்கதைகளிலே அதிசயப் பறவையொன்று வருகின்றது. நெடுங்காலம் வாழ்ந்து முதுமையெய்தியதும் அது தீயில் எரிந்து சாம்பலாகிவிடும். அச்சாம்பலினின்றும் புதிய பறவையொன்று இளமைக் கோலத்துடன் எழுந்து பறக்கும். பீனிக்ஸ் என்பது அப்பறவையின் பெயர்.

அப்பெயரையே தன் பெயராகப் பூண்டு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கிலே, கொடிய பாலைவனத்தின் நடுவே ஒரு நகரம் நிற்கின்றது. மெக்சிக்கோ நாட்டை அடுத்துள்ள அரிசோனா மாநிலத்தின் தலைநகர் அது. ஆண்டு முழுவதும் அங்கே பெய்யும் மழை ஏறக்குறைய ஏழு அங்குலமே. 1900ஆம் ஆண்டில் அந்நகரின் குடிசனத் தொகை 5,544. 2020ஆம் ஆண்டின் கணக்கெடுப்பிலோ அத்தொகை 16 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அக்கணக்கெடுப்பின்படி அமெரிக்காவின் ஐம்பது மாநிலத் தலைநகர்களுள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்தது இஃதொன்றே. நாட்டின் பெருநகர்களுள் ஐந்தாவது இடமும் இதற்கு உண்டு; பழம்பெருமை வாய்ந்த பிலடெல்பியாவை முந்தியே இவ்விடத்தை அது பெற்றது.

மழையில்லா நிலத்திலே இத்தனை மக்கள் எந்த நீரைக் குடித்து வாழ்கின்றனர்? இக்கேள்விக்கு விடை தேடினால் பீனிக்ஸ் நகரின் முழு வரலாறும் நம் கண்முன் விரிந்துவிடும்.

மறைந்தோர் வெட்டிய வாய்க்கால்

பீனிக்ஸ் நகரினூடாக ஓடும் ஆற்றின் பெயர் சால்ட் ஆறு. உப்பாறு என்று நாம் அதனைத் தமிழிலே சொல்லலாம். இவ்வாற்றங்கரையிலே ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கமத்தொழில் செய்த மக்கள் வாழ்ந்தனர். ஆராய்ச்சியாளர் அவர்களை ஹொஹோகம் மக்கள் என்பர். இரும்புக் கருவிகளோ, வண்டியிழுக்கும் விலங்குகளோ இல்லாத அம்மக்கள், மரக்கோலும் கற்கருவியும் கொண்டே நூற்றுக்கணக்கான மைல் நீளமான வாய்க்கால்களை வெட்டினர். நீர் தேங்காமலும், கரையை அரித்துப் பாயாமலும் ஒரே சீராக ஓடும்படி சரிவைக் கணித்து வெட்டிய அவர்களின் திறமை இன்றைய பொறியியலாளரையும் வியக்கவைக்கின்றது. சோளமும் அவரையும் பருத்தியும் அவ்வயல்களிலே விளைந்தன.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்த அவ்வாழ்வு 1450ஆம் ஆண்டளவிலே முடிவுற்றது. வாய்க்கால்கள் தூர்ந்தன, ஊர்கள் பாழடைந்தன. பெருவெள்ளம், நெடிய வரட்சி, நிலத்திற் படிந்த உப்பு, உட்பகை என்று பல காரணங்களை அறிஞர் கூறுகின்றனர். எதனால் முடிந்ததாயினும், பெருகி வாழ்ந்த ஒரு சமுதாயம் அந்த இடத்திலே ஒருமுறை நிலைகுலைந்தது என்பது மட்டும் மறுக்கமுடியாத உண்மை. அவர்களின் வழித்தோன்றல்களான ஓஓதம் மக்கள் இன்றும் அப்பகுதியிலே வாழ்ந்து வருகின்றனர்.

பூசணியூர் தலைநகராகிறது

1867ஆம் ஆண்டிலே ஜாக் சுவிலிங் என்பவர் அவ்வழியே வந்தார். உள்நாட்டுப் போரிலே தென்னவர் பக்கம் நின்று போரிட்டவர்; பொன் தேடி அலைந்தவர். தூர்ந்து கிடந்த பழைய வாய்க்கால்களின் தடங்களைக் கண்டதும், “முன்னோர் நீர் பாய்ச்சிய நிலத்தில் நாமும் பாய்ச்சலாமே” என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. உடனே ஒரு நீர்ப்பாசனக் கம்பெனியைத் தொடங்கி, ஆட்களைச் சேர்த்து, வாய்க்காலைத் தோண்டலானார். அடுத்த ஆண்டிலேயே விளைச்சல் கண்டது. வாய்க்கால் ஓரங்களிலே பூசணி செழித்துக் கிடந்தமையால் பூசணியூர் என்றுகூட அக்குடியேற்றத்தைச் சிலர் அழைத்தனர்.

நல்ல பெயரொன்று வேண்டுமென ஆராய்ந்தபோது, ஆங்கிலேயரும் கற்றவருமான டாரல் டப்பா என்பவர், மறைந்த நாகரிகமொன்றின் சாம்பலிலிருந்து இந்நகரம் எழுகின்றதாகையால் பீனிக்ஸ் என்பதே பொருத்தமான பெயர் என்று எடுத்துரைத்ததாகக் கூறுவர். பெயர் நிலைத்தது. ஆனால் நகருக்கு வித்திட்ட சுவிலிங்கின் முடிவோ இரங்கத்தக்கது. வழிப்பறிக் குற்றம் சாட்டப்பட்டு, விசாரணை நடைபெறுமுன்னரே 1878ஆம் ஆண்டில் யூமா என்னும் ஊரின் சிறையிலே அவர் உயிர் நீத்தார்.

1881ஆம் ஆண்டில் பீனிக்ஸ் நகர அந்தஸ்துப் பெற்றது. 1889இல் அரிசோனாவின் தலைநகர் பிரெஸ்கொற் என்னும் மலையூரினின்றும் இங்கு மாற்றப்பட்டது. 1912ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் திகதி அரிசோனா 48ஆவது மாநிலமாக அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே சேர்ந்தபோது, பீனிக்ஸ் மாநிலத் தலைநகராயிற்று. 1901இல் திறக்கப்பட்ட பழைய அரசாங்க மாளிகை, செப்புக் கவிகையுடன் இன்றும் நூதனசாலையாக நிற்கின்றது. செம்பு அரிசோனாவின் பெருஞ்செல்வங்களுள் ஒன்றல்லவா?

நிலத்தை ஈடு வைத்தோர்

ஆற்றை நம்பி வாழ்ந்த மக்களை ஆறு இருவகையாலும் சோதித்தது. 1891ஆம் ஆண்டிலே பெருவெள்ளம் புரண்டு வந்து வீடுகளை வாரிக்கொண்டு போயிற்று. சில ஆண்டுகளுக்குள் நெடிய வரட்சி வந்தது. வாய்க்கால் வற்றியது, பழமரங்கள் பட்டன, கமக்காரர் பலர் நிலத்தைக் கைவிட்டு வெளியேறினர். மலைகளுக்கிடையே பேரணையொன்று கட்டி நீரைச் சேமித்தாலன்றி இங்கு வாழ்தல் அரிதென்பது யாவருக்கும் புலனாயிற்று. அத்துணைப் பெரும் பணத்துக்கு எங்கே போவது?

1902ஆம் ஆண்டில், வரண்ட நிலங்களுக்கு நீர்ப்பாசன வசதி செய்யும் சட்டத்தை அமெரிக்க அரசாங்கம் நிறைவேற்றியது. அரசாங்கம் கடன் கொடுக்க இசைந்தது; ஆனால் பிணை கேட்டது. அப்பொழுது அந்தப் பள்ளத்தாக்கின் கமக்காரர் செய்த செயல் போற்றத்தக்கது. 1903இல் அவர்கள் நீர்ப்பாவனையாளர் சங்கமொன்றை அமைத்து, இரண்டு இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட தங்கள் சொந்த நிலங்களை ஒருமித்து ஈடு வைத்தனர். ஒருவருடைய நிலத்துக்கு மற்றெல்லோரும் பொறுப்பு என்ற உறுதியின்மீதே ரூஸ்வெல்ட் அணைக்கட்டு எழுந்தது. 280 அடி உயரமான அக்கல்லணையை 1911ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆம் திகதி, முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் நேரில் வந்து திறந்து வைத்தார்.

அணை நிமிர்ந்ததும் பள்ளத்தாக்குப் பசுமை கொண்டது. செம்பு, கால்நடை, பருத்தி, தோடை முதலிய பழவகை, இதமான காலநிலை ஆகிய ஐந்துமே அரிசோனாவின் செல்வங்கள் எனப் பாடசாலைப் பிள்ளைகள் மனனஞ் செய்தனர். ஆங்கிலத்தில் இவை ஐந்தும் ஒரே எழுத்தில் தொடங்குவன. ஆனால் மேலே அணைகள் எழுந்தமையால் கீழே நகரினூடாக ஓடிய ஆறு வரண்டு, ஆண்டின் பெரும்பகுதியில் வெறும் மணற்படுகையாயிற்று.

வெயிலைத் தணித்த பெட்டி

இதமான காலநிலை என்பது குளிர்காலத்துக்கே பொருந்தும். கோடையிலே அங்கு எரிக்கும் வெயில் சாமானியமானதன்று. 1990ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் திகதி வெப்பம் 122 பாகை பரனைட்டை, அஃதாவது 50 பாகை செல்சியசை எட்டியது. முற்காலத்திலே மக்கள் வீட்டுக்கு வெளியே விறாந்தையில் ஈரத்துணிகளைத் தொங்கவிட்டு, அவற்றிடையே உறங்குவர். வசதி படைத்தோர் கோடைக்கு மலைநாட்டுக்குச் சென்றுவிடுவர்.

1930களிலே, நனைந்த மரச்சீவலினூடாகக் காற்றை இழுத்துக் குளிர்விக்கும் எளிய பெட்டிகள் பரவின. இரண்டாவது உலக யுத்தத்தின் பின்னர் குளிரூட்டும் இயந்திரங்கள் வீடுதோறும் இடம்பெற்றன. நகரின் தலைவிதியை மாற்றியது இந்தப் பெட்டியே எனலாம். யுத்தகாலத்தில் விமானப் பயிற்சிக்கு இங்கு வந்த இளைஞர் பலர், யுத்தம் முடிந்ததும் குடும்பத்தோடு திரும்பி வந்தனர். 1949இல் மோட்டரோலா நிறுவனம் இங்கே காலூன்றியது. முதியோருக்கென்றே அமைக்கப்பட்ட சன் சிற்றி என்னும் குடியிருப்பு 1960ஆம் ஆண்டின் முதல் நாளிலே திறக்கப்பட்டது.

1950இல் 17 சதுர மைலாக இருந்த நகரின் பரப்பு, சுற்றியுள்ள இடங்களைச் சேர்த்துக்கொண்டு, பத்தே ஆண்டுகளில் 187 சதுர மைலாயிற்று. குடிசனத் தொகை அதே பத்தாண்டிலே 106,818இலிருந்து 439,170ஆக உயர்ந்தது. இன்று நகர எல்லைக்குட்பட்ட நிலம் 500 சதுர மைலுக்கும் அதிகம்.

இந்நகரின் அமைப்பு சதுரங்கப் பலகையை ஒத்தது. நடுவே வடக்குத் தெற்காகச் செல்லும் மத்திய வீதியொன்று உண்டு. அதற்கு மேற்கே, அதே திசையில் ஓடும் எண்ணிட்ட வீதிகள் ‘அவெனியூ’ என்றும், கிழக்கே உள்ளவை ‘ஸ்திரீட்’ என்றும் பெயர் பெறும். வழி தெரியாதவனும் எண்ணைக் கொண்டே இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். வடக்கே படுத்திருக்கும் ஒட்டகம்போலத் தோன்றும் ஒரு மலை. தெற்கே 16,000 ஏக்கருக்கு மேற்பட்ட மலைப் பூங்கா. எங்கும் கைகளை உயர்த்தி நிற்கும் மனிதரைப்போன்ற சகுவாரோக் கள்ளிகள். அண்டை நகரான தெம்பேயிலே 1885இல் ஆசிரிய கலாசாலையாகத் தோன்றிய அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம், இன்று நாட்டின் மிகப்பெரும் பல்கலைக்கழகங்களுள் ஒன்றாகத் திகழ்கின்றது. பொழுது போவதிலும் இங்கு ஒரு விசேடம் உண்டு. அமெரிக்காவின் பெரும்பகுதியினர் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்துவர். அரிசோனாவினரோ 1968 முதல் அதைச் செய்வதில்லை. வெயில் எப்பொழுது மறையுமென்று காத்திருப்பவர்களுக்கு மாலைப்பொழுதை நீட்டுவது வேண்டாத செயலன்றோ?

தொலைவிலிருந்து வந்த ஆறு

பெருகிய நகருக்கு உப்பாறு மட்டும் போதவில்லை. நிலத்தடி நீரைப் பூட்கை விசையினால் வரம்பின்றி இறைத்தனர். நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்தது. சில இடங்களில் நிலமே அமிழ்ந்து வெடித்தது. ஆகவே, மாநிலத்தின் மேற்கு எல்லையில் ஓடும் கொலராடோ ஆற்றின்மீது அரிசோனா கண்வைத்தது.

அவ்வாற்று நீருக்கு உரிமை பாராட்டுவோர் ஏழு மாநிலத்தவர். 1922ஆம் ஆண்டில் அவர்களிடையே உடன்படிக்கையொன்று வரையப்பட்டது. கலிபோர்ணியா தன் பங்கையும் விழுங்கிவிடுமென்று அஞ்சிய அரிசோனா, 1944 வரை அதனை ஏற்க மறுத்தது. 1934இல் ஆற்றின் குறுக்கே பார்க்கர் அணை கட்டப்படுவதைத் தடுக்க, மாநில ஆளுநர் படைவீரரையே அனுப்பிவைத்தார்! ஈற்றில் 1963ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் அரிசோனாவுக்கு ஆண்டுதோறும் 28 இலட்சம் ஏக்கர் அடி நீர் உரியதெனத் தீர்ப்பளித்தது. ஓர் ஏக்கர் நிலத்திலே ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீரே ஏக்கர் அடி எனப்படும்.

1968இல் வாய்க்கால் வெட்ட அனுமதி கிடைத்தது. 1973இல் தொடங்கிய வேலை 1993இலேயே நிறைவெய்தியது. 336 மைல் நீளமான அவ்வாய்க்கால், ஏறக்குறைய 2,900 அடி உயரத்துக்கு நீரை ஏற்றிப் பாலைவனத்தைக் கடந்து கொண்டுவருகின்றது. ஆனால் இந்த அனுமதியைப் பெறுவதற்கு அரிசோனா ஒரு விலை கொடுத்தது. ஆற்றில் நீர் குறையுங் காலத்தில் கலிபோர்ணியாவுக்கு முதலில் கொடுத்து, மிஞ்சியதையே இவ்வாய்க்கால் பெறவேண்டுமென்று அது இணங்கியது. அன்று அது சிறிய நிபந்தனையாகத் தோன்றியிருக்கலாம். பின்னர் அதன் பாரம் தெரியவந்தது.

2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், கொலராடோ ஆற்றின் பெருநீர்த்தேக்கமாகிய மீட் ஏரியில் நீர்ப்பற்றாக்குறை என வரலாற்றிலே முதன்முறையாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அதன் பயனாக 2022இல் அரிசோனா 512,000 ஏக்கர் அடி நீரை இழந்தது. பீனிக்ஸ் மக்களின் குழாய்கள் வற்றவில்லை. ஆனால் தெற்கேயுள்ள பருத்திக் கமக்காரர் தங்கள் வயல்களைத் தரிசாக விட நேர்ந்தது.

ஆற்று மக்களின் வழக்கு

உப்பாற்றையும் அது சென்று சேரும் கீலா ஆற்றையும் நம்பி வாழ்ந்த ஓஓதம் மக்கள், தம்மை ‘ஆற்று மக்கள்’ என்றே அழைத்துக்கொண்டவர்கள். பொன் தேடிக் கலிபோர்ணியாவுக்குச் சென்ற பிரயாணிகளுக்குக் கோதுமை கொடுத்துப் பசி தீர்த்தவர்கள் அவர்களே. 1870களின் பின் மேலேயுள்ள குடியேறிகள் கீலா ஆற்று நீரைத் திருப்பிக்கொண்டனர். கீழேயிருந்த ஆற்று மக்களின் வயல்கள் காய்ந்தன; பிறருக்குச் சோறிட்டவர்கள் பஞ்சத்தில் வாடினர்.

தலைமுறை தலைமுறையாக அவர்கள் நடத்திய வழக்கு, 2004ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டத்தினால் முடிவுக்கு வந்தது. ஆண்டொன்றுக்கு 653,500 ஏக்கர் அடி நீர் கீலா ஆற்றுச் சமுதாயத்துக்கு உரியதாயிற்று. நீர் குறைந்த காலத்திலே, தமக்குரிய பங்கின் ஒரு பகுதியை மீட் ஏரியிலேயே விட்டுவைக்க 2023இல் அச்சமுதாயம் ஈடுபெற்று உடன்பட்டது. ஒரு காலத்தில் நீர் பறிக்கப்பட்டவர்களிடமே இன்று மற்றோர் நீருக்காக வந்து நிற்கின்றனர். வாய்க்கால் நீர் ஆவியாகாதிருக்கவும் மின்சாரம் பெறவும் வாய்க்காலின்மேல் சூரியத் தகடுகளைக் கூரையாக அமைக்கும் முயற்சியிலும் அவர்களே அமெரிக்காவில் முதல்வராயினர். அவ்வேலையின் முதற்பகுதி 2024இல் நிறைவுற்றது.

வெயில் கேட்கும் விலை

நீரைப்போலவே வெயிலும் இந்நகருக்குக் கணக்குக் கேட்கின்றது. 2023ஆம் ஆண்டிலே தொடர்ந்து 31 நாட்கள் பகலின் உச்ச வெப்பம் 110 பாகை பரனைட்டுக்குக் குறையவில்லை. பகல் முழுவதும் வெயிலைக் குடித்த தார்வீதிகளும் சீமெந்துச் சுவர்களும் இரவில் அதனை உமிழ்வதால், இராப்பொழுதும் ஆறுதல் தரவில்லை. பாலையிலே பிறந்து வளர்ந்த சகுவாரோக் கள்ளிகளும் அவ்வாண்டிற் சரிந்து விழுந்தன. பீனிக்ஸ் அடங்கிய மரிகோப்பா வட்டாரத்திலே வெயிலினால் இறந்தோர் தொகை 645.

வெயில் எல்லோருக்கும் பொதுவாயினும் நிழல் எல்லோருக்கும் பொதுவன்று. இறந்தோருட் பலர் வீடற்றவர்கள். இன்னுஞ் சிலர் குளிரூட்டி பழுதடைந்த வீட்டிலிருந்த முதியோர். புகையிரதப் பாதைக்குத் தெற்கே, மெக்சிக்கோ வம்சத்தினரும் கறுப்பின மக்களும் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த பகுதிகளிலே மரங்கள் குறைவு, வெப்பம் அதிகம். கறுப்பின மாணவருக்கென இங்கிருந்த தனி உயர்தரப் பாடசாலை முறையை 1953ஆம் ஆண்டிலேயே நீதிமன்றம் செல்லாதென்றது. எனினும் பழைய பிரிவினையின் தடம், மரநிழலின் அளவிலே இன்றும் தெரிகின்றது. 2021இல் மாநகரசபை வெயிலைச் சமாளிப்பதற்கென்றே தனிக் காரியாலயமொன்றை நிறுவியது. மரம் நடுவதும், வீதிகளுக்கு வெப்பத்தைத் திருப்பும் பூச்சிடுவதும், குளிர்ந்த தங்குமிடங்களைத் திறந்து வைப்பதும் அதன் பணிகள்.

இத்தனைக்கும் வளர்ச்சி நின்றபாடில்லை. தைவான் நாட்டின் குறைகடத்தி உற்பத்தி நிறுவனம் நகரின் வடக்கே பெருந்தொழிற்சாலைகளை எழுப்பிவருகின்றது. 2025ஆம் ஆண்டிலே தன் முதலீடு மொத்தம் 16,500 கோடி டொலர் ஆகுமென அது அறிவித்தது. கணனிகளின் உயிர்நிலையான நுண்ணிய பாகங்களைச் செய்வதற்கும் மிகத் தூய நீர் ஏராளமாக வேண்டும் என்பது கவனிக்கத்தக்கது.

போதும் என்னும் சொல்

ஆயினும் பீனிக்ஸ் நகரைக் குருட்டுத் துணிவின் எடுத்துக்காட்டு என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. 1980ஆம் ஆண்டிலேயே அரிசோனா நிலத்தடி நீர்ச் சட்டத்தை இயற்றியது. நூறு ஆண்டுகளுக்குப் போதிய நீர் உண்டென்று காட்டாமல் புதிய வீட்டு மனைகளை விற்கலாகாது என்பது அதன் சாரம். மேற்கேயுள்ள பாலோ வேர்டே அணுமின் நிலையம் நகரங்களின் கழிவு நீரைச் சுத்திகரித்தே தன் இயந்திரங்களைக் குளிர்விக்கின்றது. பருத்தி வயல் இருந்த இடத்திலே வீடுகள் எழும்போது நீர்ச்செலவு பெரும்பாலும் குறைவதையும் மறத்தலாகாது. அதனாலேயே, மக்கள் தொகை பன்மடங்காகியும், மாநிலத்தின் மொத்த நீர்ச்செலவு 1957இல் இருந்ததைவிடக் குறைவென்று அதிகாரிகள் கணக்குக் காட்டுகின்றனர்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆளுநர் கேற்றி ஹொப்ஸ் முக்கியமான அறிவித்தலொன்றை விடுத்தார். அடுத்த நூறாண்டுத் தேவையில் நான்கு சதவீதத்துக்கு நிலத்தடியில் நீரில்லை. ஆகவே நிலத்தடி நீரை மட்டும் நம்பிய புதிய குடியிருப்புக்களுக்குப் பீனிக்ஸ் வட்டாரத்தில் இனி அனுமதியில்லை என்பதே அது. வளர்ச்சியையே தன் இலக்கணமாகக் கொண்ட நகரத்திலே ‘போதும்’ என்ற சொல் சட்டத்தின் வாயிலாக ஒலித்தது சிறிய செய்தியன்று. வாய்க்கால் நீருடைய இடங்களில் கட்டடங்கள் தொடர்ந்து எழுகின்றன. மறுபுறம், விதியைத் தளர்த்த வேண்டுமென்போரும் இருக்கின்றனர்.

1903ஆம் ஆண்டிலே தம் நிலத்தை ஒருமித்து ஈடு வைத்தவர்கள், நீர் தனியொருவனுடையதன்று என்பதை உணர்ந்தே அவ்வாறு செய்தனர். அணையும் வாய்க்காலும் அந்த உணர்விலிருந்து பிறந்தவையே. ஆனால் அதே ஆற்றோரத்தில் ஆற்று மக்களை மறந்தபோது, அந்த உணர்வு எவ்வளவு குறுகியதாயிருந்தது என்பதும் வெளிப்பட்டது. இனி வருங்காலம் இவ்விரண்டில் எதனைப் பின்பற்றுகிறது என்பதிலேயே இந்நகரின் வாழ்வு தங்கியுள்ளது.

பீனிக்ஸ் பறவையின் கதையில் நாம் பெரும்பாலும் அதன் எழுச்சியையே நினைவு கூருகின்றோம். எழுமுன்னர் அது எரிந்ததென்பதை மறந்துவிடுகின்றோம். நகரின் நடுவே, விமானத் தளத்துக்கு அருகில், ஹொஹோகம் மக்களின் பழைய வாய்க்கால்களைப் பேணிக் காக்கும் நூதனசாலையொன்று இருக்கின்றது. 2023ஆம் ஆண்டிலே அதற்கு ஓஓதம் மொழியிற் பெயர் சூட்டினர். அங்கே நிற்பவனுக்கு மேலே ஆகாய விமானங்களின் இரைச்சல் கேட்கும். கீழே நீரற்ற பழைய வாய்க்கால் மௌனமாகக் கிடக்கும். அதனையடுத்து இன்றைய நகரின் வாய்க்காலிலே நீர் ஓடிக்கொண்டிருக்கும்.